முதலிடத்துக்குப் போன வீடு

நளாயினியின் பாட்டு வானொலியில் இருபதாவது இடத்துக்கு வந்த சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் பக்கத்து வீடு தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. அதை முதலில் கவனித்தவை எறும்புகள்தான். வழக்கமாக என் அடுப்படியிலிருந்து சுவரோரமாக ஊர்ந்து பாக்கியத்தின் அடுப்படிக்குப் போய், அவள் சீனி டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிற அந்தக் கூட்டம் அன்றைக்குப் பாதி வழியில் நின்று, முன்னே போனது பின்னே வந்ததிடம் என்னவோ சொல்லி, மொத்தமாகத் திரும்பி என் சீனி டப்பாவுக்கே வந்து சேர்ந்தது. நான் எறும்புப் பொடி வாங்கத்தான் வெளியே வந்தேன். வந்து பார்த்தால் பாக்கியம் தன் வாசலில் ஒரு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னா அம்சா, தரை எறங்கிப் போச்சா?" என்றாள்.

"தரை அப்படியேதான் இருக்கு. உன் வீடுதான் ஏறியிருக்கு."

"அப்படியா," என்று சொல்லி உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அதில் கால் வைத்து இறங்கி, துணி காயப்போடப் போய்விட்டாள்.

மலாய் மொழியில் குடியிருப்பைத் தாமான் என்பார்கள், எங்களுடையது தாமான் கெனாரி, கிள்ளானுக்கு வெளியே இருக்கிறது. ஒற்றை மாடி வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், அந்தச் சுவரும் ஒற்றைக் கல் சுவர். கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினானோ, இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு" என்று சொல்வார்கள், அந்த வீட்டில் குழந்தை அழுதால் இந்த வீட்டில் தொட்டிலை ஆட்டக் கை போகும். பாக்கியத்தின் வீடு வரிசையின் கடைசி வீடு, அதனால் அவர்கள் வீட்டுச் சத்தம் முழுவதும் எனக்கு ஒருத்திக்குத்தான், நான்தான் அதை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன்.

பாக்கியத்துக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தவமலர், பாலர் பள்ளி ஆசிரியை. இளையவள் நளாயினி. அப்பன் லாரி ஓட்டிக் கொண்டிருந்து மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகள் இரண்டும் சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் பாடப் போகும்; அக்காவுக்குக் கீழ்க்குரல், தங்கைக்கு மேல்குரல், இரண்டும் சேர்ந்தால் கோழிக்கறியைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் கடிக்க மறந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு விருந்தில்தான் கோலாலம்பூரிலிருந்து வந்த பாட்டுக் கம்பெனிக்காரர் இவர்களைப் பார்த்து, பிடித்துப்போய், ஆனால் ஒருத்தி போதும் என்று சொல்லிவிட்டார். போஸ்டரில் இரண்டு முகம் எடுபடாதாம். நளாயினி தயங்கினாள். தவமலர்தான், "நீ போ. எனக்குத்தான் கல்யாணம் இருக்கே," என்று சொல்லிப் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் இது: முதலில் பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், கோயிலில் தாலி கட்டுவது மண்டபம் கிடைக்கிறபோது, நல்ல நாள் அமைகிறபோது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கிறபோது. அதுவரைக்கும் பெண் சட்டப்படி ஒருவனுக்குப் பெண்டாட்டி, மற்றபடி அம்மா வீட்டுப் பிள்ளை. தவமலர் குணசேகரன் என்கிற ஒருத்தனோடு கையெழுத்துப் போட்டாள், அவன் வேலை கிடைத்தது என்று ஜொகூருக்குப் போனான், தைப்பூசம் கழியட்டும் என்றான், பிறகு சித்திரை வரட்டும் என்றான், பிறகு எதுவுமே சொல்லாமல் போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டான். இந்தப் பெண் தினமும் சாயங்காலம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, போனில் யார் பார்க்கப் போகிறார்கள், இருந்தாலும் பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அவனுக்குப் போன் அடிப்பாள். அவன் எடுக்க மாட்டான். 'பீப்' என்ற சத்தத்துக்குப் பிறகு பேசிப் பதிந்து வைப்பாள்.

"சாப்டியா? சும்மாதான் கேட்டேன். வேல இருந்தா வச்சிரு. நான் இங்கதான் இருக்கேன்."

எடுக்காதவனிடம் வைத்துவிடு என்று சொல்கிற பெண்ணை எங்கே போய்ச் சொல்வது? ஒற்றைக் கல் சுவர், எல்லாம் கேட்டது. என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்கும்போது என்னைப் பார்த்து, "சாப்டியா, சும்மாதான் கேட்டேன்," என்று ராகம் இழுப்பார், நான் "ச்சீ, அந்தப் பிள்ளை காதுல விழப் போவுது" என்று சொல்லிக்கொண்டே சிரிப்பேன்.

நளாயினி கோலாலம்பூர் போய்த் தனியாகப் பாடிய முதல் இரண்டு பாட்டும் நிலாவும் மழையுமாக வந்தன, வந்த சுவடு தெரியாமல் போயின. கம்பெனிக்காரர், "ஜனங்க பேசுற மாதிரி ஒண்ணு எழுதிட்டு வா, இல்லாட்டி பெட்டியக் கட்டு," என்றாராம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதானே இருந்தது. அக்காவின் பக்கத்துக் கட்டிலில் எத்தனை சாயங்காலம் தூங்குவதுபோலப் படுத்துக் கேட்டது! அதை அப்படியே எடுத்தாள், ஒரு வார்த்தை மாற்றவில்லை, ஆனால் அடியில் குத்துத் தாளத்தை வைத்தாள், நடுவில் விசில் வைத்தாள், போன் துண்டிக்கப்படுகிற 'டுட் டுட்' சத்தத்தையே மேளமாக வைத்தாள், பாடுகிற பெண்ணைக் கொஞ்சம் மூக்கால் பேசுகிற அசடாக ஆக்கினாள். கேட்டதும் கால் தன்னால் ஆடியது. மூன்று வயதுப் பிள்ளை இடுப்பை ஆட்டியது. சாப்டியா, சும்மாதான் கேட்டேன் என்று பேருந்து நிலையத்தில், முடி வெட்டுகிற கடையில், ரொட்டி சானாய் போடுகிற கடையில், எங்கே பார்த்தாலும் இதே பாட்டு.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வானொலியில் அந்த வாரத்துப் பாட்டுகளை வரிசைப்படி சொல்வார்கள். அறிவிப்பாளர் நளாயினியின் பெயரைச் சொல்லி இத்தனாவது இடம் என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து விரல் சொடுக்குப் போடுவது மாதிரி ஒரு சத்தம் வரும், வீடு அசையும், ஏறும். பதினைந்தாவது இடத்தில் இடுப்பளவு வந்தது. பதினொன்றில் ஆள் நிமிர்ந்தபடி அடியில் போகலாம். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கூடவே நீண்டன, அவற்றை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் வேறு. போன வீடு நடுச்சுவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, என் முன்னறை பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடந்தது, நான் நைட்டியோடு டிவி பார்ப்பதை ரோட்டில் போகிற எல்லோரும் பார்த்தார்கள். தகரம் வாங்கி அடைத்தேன். பாக்கியத்திடம் சண்டைக்குப் போகக் கழுத்தை அண்ணாந்து கத்த வேண்டியிருந்தது, இரண்டு நாளில் கழுத்து சுளுக்கிக்கொண்டது, விட்டுவிட்டேன்.

நகராண்மைக் கழகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, அனுமதி இல்லாமல் மேல் மாடி கட்டியதாக நோட்டீஸ் எழுதினார்.

"மாடி கட்டலீங்க, வீடேதான் மேல போயிருச்சு," என்றாள் பாக்கியம் சன்னல் வழியாக.

"அப்ப கீழ் மாடி எங்க?"

"கீழ ஒண்ணுமில்லீங்க."

அவர் யோசித்து, மாடி ஒன்றுதான் என்பதால் வரியில் மாற்றமில்லை என்று சொல்லி, என் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அடியில் நல்ல நிழல் விழுந்தது. நிழலை யார் சும்மா விடுவார்கள்? பையன்கள் மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், இடியாப்பம் விற்கிற லெட்சுமி தன் தள்ளுவண்டியை அங்கே மாற்றினாள், ஓய்வு பெற்ற கிழடுகள் சதுரங்கப் பலகையோடு வந்து உட்கார்ந்தன, நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்கள் வீட்டு எண்ணையும் உயரத்தையும் பாட்டின் இடத்தையும் முன்னே பின்னே மாற்றிப் போட்டு நம்பர் எடுத்தார்கள், ஒருத்தருக்கு ஆறுதல் பரிசு விழுந்ததும் வீட்டின் அடிவயிற்றில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு அண்ணாந்து சன்னலைப் பார்த்து ஒரே குரலில் "சாப்டியா?" என்று கத்தினார்கள். பாட்டுக்காரியின் வீடு அல்லவா, ஏதோ கத்த வேண்டும் என்று கத்தினார்கள். உள்ளே இருக்கிறவளின் வார்த்தை அது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், நாங்கள் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

தவமலர் வேலைக்குப் போவது நின்றது வீடு ஸ்டூல் உயரத்தில் இருந்தபோதே. பாலர் பள்ளியில் பிள்ளைகள் வருகை எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதற்குப் பதிலாக "நான் இங்கதான் இருக்கேன்" என்று பாடினவாம், பிள்ளைகள் பாவம், அதுகளுக்கு என்ன தெரியும், டிவியில் வந்ததைச் சொல்லின. அவள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்வந்து, பாடத்தை நடத்தி முடித்துவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் போகவில்லை. ஏணி வைக்கிற உயரம் வந்த பிறகு, பாவாடை கட்டிக்கொண்டு இறங்குகிற பெண்ணை அடியிலிருந்து அத்தனை ஆம்பிளைகளும் அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்கு ஏறிப் போனவள்தான். பாக்கியம் மட்டும் வாளியில் கயிறு கட்டி இறக்குவாள், நான் காய்கறி போட்டு அனுப்புவேன்.

"எறங்கச் சொல்லேன் அவள," என்று ஒருநாள் கேட்டேன்.

"எறங்குனா சிரிக்கிறாங்க, அம்சா. இங்க இருந்தா சத்தம் மட்டுந்தான்."

எங்கள் ஆட்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெருமைதான் அவர்களுக்கு, நம்ம தாமான் பிள்ளை என்கிற பெருமை. எட்டாவது இடத்தில் பாட்டு இரண்டு வாரம் அசையாமல் நின்றபோது தாமானே கவலைப்பட்டது, ஏதோ ஒரு காரியத்தில் தாமதமாகிறமாதிரி, வீடு பாதி வழியில் நின்றால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். குறுஞ்செய்தியில் வோட்டுப் போடலாம் என்று வானொலியில் சொன்னதும் ஆளாளுக்குப் போனில் காசுக் கார்டு போட்டு, கோயில் தலைவர் ஒலிபெருக்கியில் எண்ணை வாசித்துக் காட்டி, பஜனை முடிந்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து வோட்டுப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது இடம். வீடு தென்னை மரத்தின் பாதிக்கு வந்தது, கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

தீபாவளிக்கு நளாயினி வந்தாள். பாட்டு அப்போது மூன்றாவது இடத்தில். அம்மா போனில் "வீடு கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சொன்னதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ, கம்பெனிக் காரிலிருந்து கூலிங்கிளாசும் குதிகால் சப்பாத்துமாக இறங்கி, கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டி, சிரித்தபடியே வாசலைத் தேடினாள். வாசல் இல்லை. அண்ணாந்தாள். அவள் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. சப்பாத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஏணியில் ஏறினாள். நாங்கள் எல்லோரும் பலகாரத் தட்டுகளோடு அடியில் நின்று கேட்டோம்.

"அக்கா, கதவத் தொறக்கா."

"சாவி கீழ விழுந்துருச்சு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். சாவி ஒன்றும் விழவில்லை.

"பேரு போடலியேக்கா நான். யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"கீழ பாரு."

நளாயினி பார்த்தாள். நாங்கள் பார்வையைத் தட்டுக்கு மாற்றினோம்.

"அத்தன பேருக்கும் தெரியும்," என்றாள் தவமலர். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. "எழுதினதுக்கு எனக்குக் கோவமில்ல, நளா. நான் அழுதுகிட்டுச் சொன்னத நீ அழுகையா எழுதியிருந்தா, நானே வந்து கீழ்க்குரல் பாடியிருப்பேன். சிரிக்க வச்சிட்டியே. பக்கத்துக் கட்டில்ல தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு இதுக்குத்தான் கேட்டியா?"

நளாயினி ஏணியின் மேல்படியில் நின்றபடி கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள், இறங்கினாள், என்னிடம் சப்பாத்தை வாங்க மறந்து வெறுங்காலோடு காரில் ஏறிப் போனாள். அவமானம் வந்தால் சிலருக்கு முகம் சிவக்கும், சிலருக்கு வெளுக்கும். அவளுக்குக் காது இரண்டும் அப்படியே வாடிப்போனதை நான் பார்த்தேன்.

பாட்டை நிறுத்தச் சொல்லி அவள் வானொலிக்குப் போனாள். ஜனங்கள் கேட்கிற பாட்டை நிறுத்த முடியாது என்றார்கள். வேண்டுமானால் சனிக்கிழமை நேரலையில் வந்து பேசு என்றார்கள். பேசினாள். வீட்டின் அடியில் லெட்சுமியின் வண்டியில் இருந்த ரேடியோவைச் சுற்றி நாங்கள் மொத்தமாக நின்றோம், மேலே பாக்கியத்தின் ரேடியோவும் ஓடியது, அதே குரல் மேலேயும் கீழேயும் கேட்டது.

"அது என் அக்காவோட வார்த்தை. தவமலர் அக்கா. அவங்க மனசு ஒடஞ்சு சொன்னத நான் வெளாட்டாக்கிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு. யாரும் இந்தப் பாட்டக் கேக்காதீங்க. அக்கா, மன்னிச்சிரு," என்று சொல்லி அழுதாள். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேயர்களே, நெஞ்சைத் தொடும் இந்த உண்மைக் கதையின் பாடல் இதோ என்று போட்டுவிட்டார்.

கேட்காதே என்றால் யார் கேட்காமல் இருப்பார்கள்? பாட்டின் கதை உண்மைக் கதையாம், அந்த அக்கா உயிரோடு இருக்கிறாளாம், அந்த வீட்டிலேயே இருக்கிறாளாம். மறு சனிக்கிழமை பாட்டு முதலிடத்துக்கு வந்தது. சொடுக்குச் சத்தம் இல்லை, கட்டிடம் இடிகிறமாதிரி ஒரு உறுமல், வீடு தென்னையைத் தாண்டி, மின்கம்பத்தைத் தாண்டி, தீயணைப்பு வண்டி ஏணியும் எட்டாத உயரத்தில் போய் நின்றது. வாளிக் கயிற்றில் இன்னும் மூன்று கயிறு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அதுவரைக்கும் "சாப்டியா" என்று மட்டும் கத்தியவர்களுக்கு இப்போது பெயரும் தெரிந்துபோயிற்று. "தவமலர், சாப்டியா?" என்று ஐம்பது பேர் சேர்ந்து கத்தினார்கள். மேலே சன்னல் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டது.

அந்த வாரத்தில் நளாயினி ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஒங்க பின் ரூம்ல தங்கிக்கவா? வீடு எறங்குற வரைக்கும்."

"எப்ப எறங்கும்?"

"பாட்டு எறங்கும்போது."

கம்பெனிக்காரர் பின்னாலேயே வந்தார். அவள் பாடிப் பதிவு செய்த அடுத்த பாட்டு தயாராக இருந்ததாம், அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே விட்டுவிடலாமாம். அந்தப் பாட்டு இன்னும் பெரிதாகப் போகுமாம். அவர் வீட்டின் நிழலிலேயே நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"ஒண்ணாம் எடத்துல இருக்கும்போது ரெண்டாவத விடணும்மா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தூக்கும்."

"அதான் வேணாங்கிறேன்."

"பாடலேன்னா மூணு மாசத்துல ஒன்ன மறந்துருவாங்க."

"மூணு மாசமா ஆகும்?" என்று கேட்டாள் நளாயினி. அவர் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலம், சரியாகத் தவமலர் குளிக்கிற நேரம் கழிந்து, பின்னறையில் அவள் அக்காவுக்குப் போன் அடித்தாள். மேலே, ரொம்ப மேலே, மணி அடிப்பது எனக்கே கேட்டது, தகரம்தானே அடைத்திருக்கிறது. அடித்து அடித்து நின்றது. 'பீப்' சத்தத்துக்குப் பிறகு இவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. நாக்கில் வந்ததைச் சொன்னாள்.

"சாப்டியாக்கா? சும்மாதான் கேட்டேன். வேல இருந்தா வச்சிரு. நான்... இங்கதான் இருக்கேன். கீழ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னறையில் என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். ராகம் இழுக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய், இருட்டின பிறகுதான் வந்தார்.

தினமும் அடித்தாள். தினமும் அதே வார்த்தை. வேறு வார்த்தை தேடிப் பார்த்திருப்பாள், ஆனால் ஒருத்தி எடுக்காதபோது கேட்பதற்கு வேறென்ன இருக்கிறது, மழை பெய்ததா என்று கேட்கலாம், அவள்தான் மழைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தகரச் சுவர், ரோட்டுக்கே கேட்டது, தாமானுக்கே தெரிந்தது. இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் லெட்சுமி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கே, வெயிலுக்கே போய்விட்டாள், ஏன் என்று கேட்டதற்கு அங்கே காற்று வரவில்லை என்றாள். பையன்கள் மோட்டார் சைக்கிள்களை எடுத்தார்கள். வேனில் வந்து இறங்கிக் கத்தத் தொடங்கியவர்களிடம் கோயில் தலைவர் போய், "உள்ள ஆளு இருக்கு, போங்க," என்றார். அடிவயிற்றிலிருந்து உதிர்ந்த குங்குமத்தை விடியும் முன்னே பெருக்கித் தள்ளியது யாரென்று தெரியாது. வோட்டுப் போடுவது தானாக நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் காய்கறி வாங்கினோம்.

ஆனால் எங்கள் தாமான் நிறுத்தினால் நாடு நிறுத்துமா? வாரக்கணக்கில் வீடு அங்கேயே நின்றது. நளாயினி விழாக்களுக்குக் கூப்பிட்டதை எல்லாம் மறுத்தாள், பேட்டிக்கு வந்தவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை, பள்ளியில் படிக்கும்போது போட்ட சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். பாடவே இல்லை, குளிக்கும்போதுகூட. அப்புறம் ஒரு சனிக்கிழமை, உடைந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி யாரோ ஒரு பையன் பாடிய பாட்டு முதலிடத்துக்கு வந்தது. பாட்டு என்று சொல்ல முடியாது, பாதி இருமல். வீடு ஒரு ஆள் உயரம் இறங்கியது. பிறகு வாராவாரம் இறங்கியது. மின்கம்பத்துக்கு வந்தது, தென்னைக்கு வந்தது. அந்த நாட்களில் அவளோடு பசாருக்குப் போயிருந்தேன், பூக்கடைக்காரி அவளை உற்றுப் பார்த்து, "ஒங்கள எங்கியோ பாத்திருக்கேனே," என்றாள், "இல்லக்கா, எனக்கு அப்படி ஒரு மூஞ்சி," என்றாள் இவள். திரும்பி வரும்போது அழுதாள், ஆனாலும் நடையில் ஒரு அவசரம் இருந்தது, வீடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்குமோ என்கிற அவசரம்.

நகராண்மைக் கழக அதிகாரி மறுபடி வந்து, அனுமதி இல்லாமல் மாடியைக் குறைத்ததாக நோட்டீஸ் எழுதினார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

பாட்டு இருபதிலிருந்து வெளியே போன சனிக்கிழமை வீடு தரையில் உட்கார்ந்தது. கிளம்பிய இடத்துக்கே சரியாக வரவில்லை, இரண்டு விரல் தள்ளி, லேசாகத் தோள் சாய்ந்தாற்போல் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்புகள் கிளம்பிப் பாக்கியத்தின் அடுப்படிக்குப் போயின. தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள், யாரும் கிட்டே போகவில்லை.

தவமலர் கதவைத் திறந்தாள். வெளுத்திருந்தாள், மெலிந்திருந்தாள். தோளில் பாலர் பள்ளிப் பை. சனிக்கிழமையில் பள்ளி ஏது, இருந்தாலும் அந்தப் பையைத்தான் மாட்டியிருந்தாள். படியில் கால் வைக்கும் முன் ஸ்டூலைத் தேடினாள், தேவையில்லை என்று தெரிந்ததும் மெல்ல இறங்கினாள். என் கேட்டுக்கு வெளியே நளாயினி நின்றிருந்தாள். அக்கா அவளைத் தாண்டி நடந்தாள், முகத்தைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்தபடி தெருக்கோடி வரைக்கும் போனாள், அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள், அதே வழியில் திரும்பி வந்து மறுபடியும் இவளைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நளாயினி கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கு என்று என்னிடம்தான் கேட்டாள்.

அன்றைக்கும் அடித்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல் இடைவெளிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில், மணி அடித்தது. அடித்தது, அடித்தது, நின்றது. 'பீப்' சத்தம் வரவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா?" என்றாள் நளாயினி. "சாப்டியாக்கா? சும்மா..."

"சாப்டேன்," என்றது குரல். போனிலும் வந்தது, இடைவெளி வழியாகவும் வந்தது. அப்புறம், "நீ?"

நாட்டையே பாடவைத்தவள் அந்த ஒரு எழுத்தைக் கேட்டதும் போனைக் காதோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், ஆட்டினால் அங்கே தெரியுமா என்ன, ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர்ப்பக்கத்தை விட்டுப் பேச்சின் நடுவில் நான் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. துணியை அப்படியே போட்டுவிட்டு, முன்னறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டுக்கே போய் நின்றேன்.

அவள் என்ன சொன்னாள், இவள் என்ன சொன்னாள் என்று லெட்சுமியிலிருந்து கோயில் தலைவர் வரைக்கும் என்னைத்தான் வந்து கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பும்படியாகவா நான் இத்தனை நாள் இருந்தேன்?

அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு என் பக்கத்துக்குத் தனியாகச் சுவர் வைக்கச் சொன்னேன். ஒற்றைக் கல்லா இரட்டைக் கல்லா என்று கேட்டான். இரட்டை என்றேன். கட்டிப் பூசி, காய்ந்து, அவன் கரண்டியைக் கழுவிக்கொண்டு போன பிறகு, பழக்கம் விடுமா, மெல்லப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லைதான், இருந்தாலும் வெட்கமாகப் போயிற்று. கன்னத்தில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு சோறு வைக்கப் போனேன்.